இரண்டு துறைகள் கூடிய இடம்: மெக்காட்ரோனிக்ஸ் முதுநிலைக் கல்வி வந்த வழி



சில வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலையில், என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவி ஒருவர் தம் தாயாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளி, மெட்ரிகுலேசன் என்று படிப்படியாக ஏறி, இயந்திரவியல் பொறியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். இப்பொழுது மெக்காட்ரோனிக்ஸ் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தாயார் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர், கணவரை இழந்தவர். தம் சேமநிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கட்டணம் கட்டலாமா என்பதே அவருடைய கவலை.

"ஐயா, இது இயந்திரப் படிப்பா, மின்சாரப் படிப்பா? இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிற படிப்பு என்று சொல்கிறார்களே?" என்று அவர் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனெனில், ஏறக்குறைய இதே சொற்களை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானே ஒரு மாணவனிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பின்னர்க் கூறுகிறேன். அன்று அந்த அம்மாவுக்கு நான் உடனடியாக அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அந்தப் படிப்பு எங்கே பிறந்தது, ஏன் பிறந்தது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்ற வரலாற்றைத்தான் சொன்னேன். அதனையே இங்கு விரிவாக எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று இதே வாசலில் நிற்கிறார்கள், அவர்களுக்கும் பயன்படலாம்.

பெயர் பிறந்த கதை

மெக்காட்ரோனிக்ஸ் என்னும் சொல் பல்கலைக்கழகத்தில் பிறந்ததன்று. அது ஒரு தொழிற்சாலையில் பிறந்தது. ஜப்பானின் கியூசூ தீவில் 1915ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யாஸ்காவா மின்பொறி நிறுவனம், முதலில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மோட்டார் செய்து கொடுத்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர் தெத்சுரோ மோரி என்பவர் 1969ஆம் ஆண்டில் இச்சொல்லை உருவாக்கினார். இயந்திரத்தைக் குறிக்கும் 'மெக்கானிசம்' என்ற சொல்லின் தலையையும், மின்னணுவியலைக் குறிக்கும் 'எலெக்ட்ரோனிக்ஸ்' என்ற சொல்லின் வாலையும் எடுத்து ஒன்றாக ஒட்டினார். வாடிக்கையாளரின் இயந்திரத்தோடு தங்கள் நிறுவனத்தின் மின்பொருள்களை இணைத்தால், இரண்டும் தனித்தனியே செய்ய முடியாத வேலையைச் செய்யலாம் என்பது அச்சொல்லின் உட்கருத்து.

1970களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் இச்சொல்லைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. ஆனால் சொல் ஊரெங்கும் பரவிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் தன் உரிமையைக் கைவிட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என விட்டுக்கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்த சொல், ஓர் உலகக் கல்வித்துறையின் பெயராயிற்று.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் ஓர் இன்பம் உண்டு. இரு சொற்கள் சேரும்பொழுது எழுத்துகள் கெடுவதும் திரிவதும் நாம் நாள்தோறும் வகுப்பில் சொல்லிக் கொடுப்பவைதாமே! தமிழில் இத்துறையை 'இயந்திர மின்னணுவியல்' எனலாம். ஆயினும் பெற்றோர் விண்ணப்பப் படிவங்களில் காணும் பெயர் மெக்காட்ரோனிக்ஸ் என்பதால், இக்கட்டுரையில் அதனையே பயன்படுத்துகிறேன்.

1969ஆம் ஆண்டு வேறு வகையிலும் நினைவில் கொள்ளத்தக்கது. அதே ஆண்டில்தான் கவாசாக்கி நிறுவனம், அமெரிக்க உரிமம் பெற்று, ஜப்பானின் முதல் தொழிற்சாலை ரோபோவை உருவாக்கியது. அதே ஆண்டின் திசம்பர் 25ஆம் நாள் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பல நூறு ஆண்டுகள் சுருள்வில்லும் பற்சக்கரமும் தனியே ஆண்ட கடிகாரத்திற்குள் மின்னணுச் சுற்று புகுந்தது. பெயரும் பொருளும் ஒரே காலத்தில் பிறந்தன என்றே சொல்லலாம்.

பெயருக்கு முன்னரே இருந்த வேர்

பெயர் புதிது, எண்ணம் பழையது. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் ஒரு வேகக் கட்டுப்படுத்தியைப் பொருத்தினார். இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் அகன்று உயரும், உயர்ந்தவுடன் நீராவி வரும் வழி குறுகும், வேகம் தணியும். வேகம் மிகவும் தணிந்தால் குண்டுகள் தாழும், வழி அகலும். இயந்திரம் தன்னைத்தானே அளந்து, தன்னைத்தானே திருத்திக்கொண்டது. இதனைப் பின்னூட்டம் என்கிறோம். 1868இல் மாக்ஸ்வெல் என்னும் அறிவியலாளர் இத்தகைய கட்டுப்படுத்திகளைப் பற்றிக் கணித முறையில் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். இன்றைய முதுநிலை மாணவர்கள் படிக்கும் கட்டுப்பாட்டியலின் வேர்களுள் ஒன்று அக்கட்டுரை.

1947இல் டிரான்சிஸ்டர் வந்தது. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், எண் கட்டளைகளைக் கொண்டு உலோகம் செதுக்கும் இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. 1961இல் யூனிமேட் என்னும் ரோபோ கை ஒரு கார் நிறுவனத்தின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. 1971 நவம்பரில் இந்தெல் நிறுவனத்தின் 4004 என்னும் நுண்செயலி விற்பனைக்கு வந்தது. அதனைச் செய்யத் தூண்டியது ஒரு ஜப்பானியக் கணிப்பான் நிறுவனத்தின் வேண்டுகோள் என்பது பலர் அறியாத செய்தி. வாட் அவர்களின் இரும்புக் குண்டுகள் செய்த வேலையை, இனி விரல்நுனி அளவுள்ள சில்லு செய்யலாம் என்ற நிலை வந்தது.

இங்குதான் சிக்கலும் தொடங்கியது. இயந்திரம் வடிவமைத்தவருக்குச் சில்லு தெரியாது. சில்லு வடிவமைத்தவருக்கு இரும்பின் எடையும் உராய்வும் தெரியாது. ஒருவர் செய்து முடித்த பின்னர் மற்றவர் வந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. இருவரும் முதல்நாள் தொட்டே ஒரே மேசையில் அமர வேண்டும் என்ற தேவையே இத்துறையைப் பெற்றெடுத்தது.

தொழிற்சாலையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

1973இன் எண்ணெய் நெருக்கடி ஜப்பானை உலுக்கியது. குறைந்த ஆற்றலில் அதிக வேலை செய்யும் இயந்திரங்கள் அந்நாட்டிற்குத் தேவைப்பட்டன. 1977இல் யாஸ்காவா நிறுவனம் ஜப்பானின் முதல் முழு மின்சார ரோபோவை வெளியிட்டது. அதற்கு முந்திய ரோபோக்கள் பல, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கியவை.

இவற்றைச் செய்வதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கேதான் ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஜப்பான் 1962இல் 'கோசென்' என்னும் தொழில்நுட்பக் கல்லூரிகளைத் தொடங்கியது. பதினைந்து வயதில் சேர்ந்து ஐந்தாண்டுகள் கற்கும் கல்லூரிகள் அவை. அங்குப் பட்டறையில் கை பழகிய மாணவர்கள் மேலே படிக்க வழி வேண்டும் என்பதற்காக, 1976இல் நாகாவோக்கா, தொயோஹாசி ஆகிய இரண்டு ஊர்களில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. கோசென் மாணவர்கள் அங்கு மூன்றாம் ஆண்டில் நேரே சேரலாம். முதுநிலை வரை தொடர்ந்து படிப்பதை முதன்மையாகக் கொண்டே அப்பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பட்டன. கை வேலையில் தொடங்கியவன் முதுநிலை ஆய்வு வரை செல்ல ஒரு நேர்ப்பாதை! தொழிற்கல்வி என்றால் படிப்பு வராதவர்களுக்கு என்று எண்ணும் நம்மவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இத்துறை சற்றுப் பின்னர் வேரூன்றியது. 1990இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகம் மெக்காட்ரோனிக்ஸைத் தனிப் பட்டப்படிப்பாகத் தொடங்கியது. 1991இல் இத்துறையின் பெயரையே தாங்கிய ஆய்விதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியது. 1996இல் அமெரிக்காவின் இயந்திரவியல் பொறியாளர் சங்கமும் மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் சங்கமும் கூட்டாக இத்துறைக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கின. முன்னது 1880இல் பிறந்தது. பின்னதன் மூலச் சங்கம் 1884இல் பிறந்தது. நூறாண்டுக்கு மேலாகத் தனித்தனி வீட்டில் வாழ்ந்த இரு சங்கங்கள் ஒரே இதழில் கையெழுத்திட்டன. ஒரு துறைக்குத் தன் சொந்த ஆய்விதழ் அமைந்துவிட்டால், அதில் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் ஆய்வு செய்வோருக்குத் தம் முடிவுகளை வைக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

ஜெர்மனி 1998இல் மெக்காட்ரோனிக்ஸ் வினைஞர் என்னும் தொழிற்பயிற்சியை முறைப்படி ஏற்படுத்தியது. அதற்கடுத்த ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பொலோன்யா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன்பின் ஜெர்மனியின் பழைய நீண்ட பட்டப்படிப்பு, இளநிலை என்றும் முதுநிலை என்றும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு துறையில் இளநிலை முடித்த வெளிநாட்டு மாணவர், முதுநிலைக்கு மட்டும் அங்குச் செல்லும் வாசல் இதனால் அகலமாயிற்று. நம் பிள்ளைகள் இன்று ஜெர்மனியைப் பற்றிப் பேசுவதற்கு இந்த வரலாறே அடிப்படை.

நம் மண்ணில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இந்தெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்குதான் அமைத்தது. அந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் என் அக்கா 1970களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்தில் பால் வெட்டப் போகாமல், சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் சென்ற முதல் பெண் எங்கள் குடும்பத்தில் அவரே.

அவர் வேலை என்ன தெரியுமா? நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, சில்லின் ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்குத் தங்கக் கம்பியை இணைப்பது. அக்கம்பி தலைமுடியின் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். கண் பார்க்க வேண்டும். மூளை இடத்தைக் கணிக்க வேண்டும். கை அசைய வேண்டும். பிழையானால் மீண்டும் திருத்த வேண்டும். வீட்டிற்கு வந்தால் கண்களில் நீர் வழியும். அம்மா ஈரத்துணியை வைத்துக் கட்டுவார்.

1980களில் தானியங்கிக் கம்பி இணைப்பு இயந்திரங்கள் வந்தன. ஒரு படக்கருவி சில்லைப் பார்த்தது. நுண்செயலி இடத்தைக் கணித்தது. சர்வோ மோட்டார் ஊசியை அசைத்தது. என் அக்காவின் கண்ணும் மூளையும் கையும் செய்ததை மூன்று உறுப்புகள் பகிர்ந்துகொண்டன. உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி என்று இத்துறையினர் அவற்றை அழைக்கின்றனர். பத்துப் பேர் அமர்ந்திருந்த வரிசையில் இரண்டு பேர் நின்று இயந்திரங்களைக் கவனித்தார்கள். அக்கா அந்த இரண்டு பேரில் ஒருவராகத் தேர்வு பெற்றார். அவருடைய தோழியர் பலர் வீடு திரும்பினர். "கண் வலி நின்றது, ஆனால் என்னுடன் பேசிக்கொண்டு வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள்," என்று அவர் இன்றும் சொல்வார். மெக்காட்ரோனிக்ஸ் என்ற சொல்லை அறியுமுன்பே அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் நன்மையும் வந்தது. அதன் விலையும் வந்தது.

1982இல் மலேசிய அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது. அதன்கீழ் மலேசிய மாணவர்கள் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டனர். 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், தொழில் நிறுவனங்களின் கூட்டுமுயற்சியால் தோன்றியது. 1991இல் ஜெர்மன் மலேசியக் கழகம் உருவாயிற்று. அண்டை நாடான சிங்கப்பூரில் ஜெர்மனி, பிரான்சு, ஜப்பான் ஆகிய நாடுகளின் துணையோடு 1980களில் இயங்கிய தொழில்நுட்பக் கழகங்கள், 1993இல் நன்யாங் பல்தொழில் கல்லூரியுடன் இணைக்கப்பட்டன.

உயர்கல்வியில், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1994இல் பொறியியல் புலத்தைத் தொடங்கியது. அங்கு மெக்காட்ரோனிக்ஸ் தனித்துறையாக வளர்ந்து முதுநிலை ஆய்வுகளையும் நடத்துகிறது. ஜொகூர் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மெக்காட்ரோனிக்ஸையும் தன்னியக்கக் கட்டுப்பாட்டையும் இணைத்து முதுநிலைப் படிப்பை வழங்கி வந்துள்ளது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் மலாக்காவிலும் பெர்லிசிலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் தோன்றி, 2007இல் முழுப் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. 2011இல் கோலாலம்பூரில் மலேசிய ஜப்பானிய அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. ஆக, 1990களில் இங்கே வளரத் தொடங்கிய துறை இது. அன்று நம் ஆசிரியர்களில் பலருக்கு இதன் பெயரே தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் செய்த தவறு

அந்தக் காலத்தில்தான் அந்த மாணவன் என்னிடம் வந்தான். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டும் பழக்கம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்காட்ரோனிக்ஸ் இளங்கலைக்கும் மற்றொன்றில் இயந்திரவியலுக்கும் இடம் கிடைத்திருந்தது. எதனை எடுக்கலாம் என்று கேட்டான். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். பெயர் தெரிந்த படிப்பாக எடு," என்றேன். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் கேட்டுக்கொண்டான்.

அவன் வாழ்க்கை கெட்டுவிடவில்லை. நல்ல வேலையில்தான் இருந்தான். ஆனால் அவனுடைய ஆலையில் புதிய இயந்திரங்களின் பழுதைத் தேடும்பொழுதெல்லாம், மின்னணுப் பலகையும் நிரலும் வரும் இடத்தில் அவன் நிற்க வேண்டியிருந்தது. முப்பத்து நான்காம் வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான பிறகு, வார இறுதிகளில் படித்து மெக்காட்ரோனிக்ஸ் முதுநிலைப் பட்டம் வாங்கினான். பட்டமளிப்பு நாளில் இனிப்போடு வந்து காலில் விழுந்து வணங்கினான். "சுற்றி வந்து அங்கேயே சேர்ந்துவிட்டேன் ஐயா," என்று சிரித்தான். அவன் குறை கூறவில்லை, எனக்குத்தான் உறுத்தியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், பழமொழியைக் கொண்டு மூடிவிட்டேனே என்ற உறுத்தல் அது.

முதுநிலையில் என்ன நடக்கிறது?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் பழைய அச்சத்தில் ஒரு துளி உண்மையும் இருந்தது. நான்காண்டு இளங்கலைக்குள் இயந்திரவியல், மின்னணுவியல், கட்டுப்பாட்டியல், கணினி நிரல் ஆகிய நான்கையும் அடைத்தால், எல்லாவற்றிலும் சிறிது தெரியும்; எதிலும் ஆழம் குறையும் என்ற குறை பல காலமாகப் பேசப்படுகிறது. அக்குறையைப் போக்குவதற்கு உரிய இடமே முதுநிலை. அங்கு ஓர் இயந்திரத்தின் அசைவை முதலில் கணிதச் சமன்பாடாக எழுதக் கற்பிக்கிறார்கள். அந்தச் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். உணரி தரும் குறிப்புகளில் கலந்துவிடும் இரைச்சலைப் பிரிக்கிறார்கள். ரோபோ கையின் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்பினால் விரல்நுனி எங்குச் சேரும் எனக் கணிக்கிறார்கள். இறுதியில் ஒரு பொருளைச் செய்து, அது ஏன் இயங்கியது, எங்கே தவறியது என்பதை ஆய்வேடாக எழுதுகிறார்கள்.

மலேசியாவில் முதுநிலைப் படிப்பு மூன்று வகையாக உள்ளது. பாடங்களைப் படித்துத் தேர்வெழுதுவது ஒருவகை. முழுவதும் ஆய்வாகச் செய்வது மற்றொரு வகை. இரண்டும் கலந்தது மூன்றாம் வகை. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படிப்போருக்குப் பாடவழி ஏற்றது. முனைவர் பட்டத்தை நோக்கிச் செல்வோருக்கு ஆய்வுவழி ஏற்றது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அந்த அம்மாவிடம், பணத்தை எடுக்குமுன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

1. பிள்ளையின் இளங்கலை எது? இயந்திரவியல் படித்தவர் மின்னணுவியலிலும் நிரலிலும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். மின்னியல் படித்தவருக்கு இயக்கவியலில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்கான பாடங்களைப் பல்கலைக்கழகம் தருகிறதா?

2. ஆய்வுக்கூடத்தில் மாணவர் கைதொட்டுச் செய்ய என்ன இருக்கிறது? இத்துறை பட்டறையில் பிறந்தது. கரும்பலகையோடு முடிந்துவிடும் மெக்காட்ரோனிக்ஸ், நீரில் இறங்காத நீச்சல் வகுப்பைப் போன்றது.

3. ஆய்வுவழியானால், வழிகாட்டும் பேராசிரியர் யார்? அவர் எதில் ஆய்வு செய்கிறார்? ஆய்வு நிதியிலிருந்து மாணவருக்கு உதவித்தொகை உண்டா?

4. பொறியாளராகப் பதிவு செய்ய எந்தப் பட்டம் கணக்கில் வரும்? மலேசியா 2009இலும் சிங்கப்பூர் 2006இலும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பியம் பெற்றன. அந்த உடன்படிக்கை இளங்கலைப் பொறியியல் பட்டங்களைப் பற்றியது. அங்கீகாரம் பெற்ற இளங்கலை இல்லாத குறையை முதுநிலைப் பட்டம் மட்டும் போக்கிவிடாது.

5. வெளிநாடானால், மொத்தச் செலவு என்ன? ஜெர்மனியின் அரசு பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக்கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களிடம் ஒரு பருவத்திற்கு 1500 யூரோ பெறுகிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் தங்குவதற்கும் உண்பதற்கும் உரிய தொகையை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

மாணவி இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆறாம் ஆண்டில் எழுதிய அதே சாய்வான கையெழுத்து.

ஆசிரியர்களாகிய நாம்

இளம் வயதிலேயே பிள்ளைகளைப் பிரிவுகளுக்குள் அடைப்பது நம் நெடுநாள் பழக்கம். இவன் கணக்குப் பிள்ளை, இவள் கலைப் பிள்ளை, அவன் கைவேலைக்குத்தான் ஆவான் என்று ஆசிரியர் அறையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் படிவம் 4இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய முறை நீக்கப்பட்டது. ஏட்டில் சுவர் நீங்கியது. நம் மனத்தில் நீங்கிற்றா?

தமிழ்ப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் இருக்கிறது. தேர்வில்லாப் பாடம் என்று அந்த நேரத்தைக் கணிதத்திற்கும் மொழிக்கும் கடன் கொடுத்த பள்ளிகளை நான் அறிவேன், நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஒரு சிறு மோட்டாரையும் மின்கலத்தையும் அட்டைப்பெட்டியையும் சேர்த்து ஓடும் வண்டி செய்யும் அந்த அரைமணி நேரத்தில்தான், இரண்டு துறைகள் அவன் கையில் முதன்முதலாகச் சேருகின்றன. வண்டி ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று அவன் கேட்டால், பின்னூட்டம் என்னும் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. முதுநிலைக்குச் செல்லும் பாதையின் முதற்கல் அது. அந்த நேரத்தைப் பறிக்காதிருப்போம்.

நிறைவாக

நான் பேசி முடித்தவுடன் அந்த அம்மா சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் ஐயா, உங்கள் அக்காவின் தோழிகளை வீட்டுக்கு அனுப்பிய இயந்திரத்தைத்தான் என் மகளும் செய்யப் போகிறாளா?"

நான் எதிர்பாராத கேள்வி. முதுநிலைப் படிப்பைப் பற்றி அன்று கேட்கப்பட்டவற்றுள் இதுவே மிகச் சிறந்தது என்று இப்பொழுதும் எண்ணுகிறேன். மகள்தான் பதில் சொன்னார். "அப்படியும் செய்யலாம் அம்மா. ஆனால் அந்த அக்காவின் கண் நோகாமல் இருக்கவும் அதுதானே உதவியது. செய்கிறவர் யாராவது ஒருவர் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து போயிருந்தால், வேலை போனவர்களுக்கு அடுத்து என்ன என்றும் அங்கே கேட்டிருப்பார்."

அது முழு விடையாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆலையில் தனியொரு பொறியாளர் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஆயினும், அந்த இயந்திரங்கள் 1980களில் பாயான் லெப்பாஸுக்கு வந்தபொழுது, அவற்றை உருவாக்கிய மேசையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளை எவரும் இருந்ததில்லை. நாங்கள் நுண்ணோக்கியின் இந்தப் பக்கம் மட்டுமே இருந்தோம். இப்பொழுது ஒருவர் அந்த மேசைக்குச் செல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. அவ்வளவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். தாயாரும் கூடவே சென்று, ரோபோ கை ஒன்று அசைவதைக் கண்டாராம். ஆய்வுவழிக்கு உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பைப் பற்றிப் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறார்கள்; விடைக்குக் காத்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால்தான் சேமநிதி என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பெயர் தெரியாத படிப்பைப் பற்றி ஒரு பிள்ளை வந்து கேட்டால், என்னைப் போலப் பழமொழி சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்தப் படிப்பின் வரலாற்றைத் தேடிப் படியுங்கள். பிறகு பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். நம்மால் இயன்றது அதுவே.